கயலுக்குப் போடாத ஊசி

வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் நேற்று ஒரு கற்பூரவல்லித் தொட்டியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். "பாப்பாவுக்கு இனிமே ஊசியெல்லாம் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் ஆன்ட்டி. குரூப்ல ஒருத்தர் வெவரமா போட்டிருந்தாரு. இதுவே போதுமாம்" என்றாள். எந்தெந்த நோய்க்கான ஊசி என்று கேட்டேன். தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, என்று நான் பெயர் சொன்னதும் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் இப்ப எங்க ஆன்ட்டி இருக்குது?"

நல்ல பெண். பௌர்ணமிதோறும் மலையை முழுசாகச் சுற்றி வருகிறவள். நானோ கிளம்பும்போது காட்டும் பக்தியை அடி அண்ணாமலை டீக்கடையில் இறக்கிவைத்துவிட்டு ஆட்டோ ஏறுகிற ரகம். அவளைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்ததும் காது மடல் சூடேறிவிட்டது.

அந்த வாசனை எனக்கு அக்கா வீட்டு அடுப்படி. தாலுகா ஆபீசில் தட்டச்சராகச் சேர்ந்த புதிதில் அக்காவோடுதான் இருந்தேன். அவசரத்தில் 'ஆணை' என்பதை 'ஆனை' என்று அடித்துவிட்டு, அதிகாரி முன் நிற்கிற அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும். வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால். அக்கா மகள் கயலுக்கு அப்போது ஐந்து வயது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "கீழ்பென்னாத்தூர், கீழ்பென்னாத்தூர்! ஏறு ஏறு!" என்று கத்துவாள். நிஜமாகவே ஓரிருவர் பஸ் எங்கே என்று திரும்பிப் பார்த்ததுண்டு.

மாமா, அதாவது அக்காவின் கணவர், வங்கியில் வேலை. செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசிக்கிறவர்; ஆகவே எல்லாம் தெரிந்தவர். கயல் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு முதல் முத்தடுப்பு ஊசி போட்டார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி என்று மூன்றையும் தடுக்கிற ஊசி. ஒரு ராத்திரி காய்ச்சல் அடித்தது, தொடை லேசாக வீங்கியது. அது சகஜம். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. "நல்லா இருக்கிற புள்ளைய நாமளே எதுக்கு நோவாளியாக்கணும்?" என்று அடுத்த தவணைகளை நிறுத்திவிட்டார். தேடி வந்த நர்சம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

ஓர் ஐப்பசி மழையில் கயலுக்குக் குரல் கம்மியது. காய்ச்சல்கூட ஜாஸ்தி இல்லை. அக்கா கற்பூரவல்லிச் சாறும் உப்புத்தண்ணீரும் கொடுத்தாள். அது இருமலுக்கு நல்லதுதான்; யார் இல்லை என்றது? ஆனால் இரண்டு நாளில் கழுத்து இருபுறமும் வீங்கி, தாடையும் தோளும் ஒன்றாகிவிட்டன. வாயிலிருந்து ஒரு கெட்ட வாடை. மூச்சு ரம்பம் இழுப்பதுபோல் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அக்கா துணியால் துடைக்கப் போனாள், ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாயைப் பார்த்ததுமே கேட்டார்: "ஊசி போட்டீங்களா?" "ஒண்ணுதாங்க போட்டோம்" என்றாள் அக்கா.

"இது வெறும் தொண்டைப் புண் இல்லைங்க. கிருமி தொண்டையில உக்காந்துக்கிட்டு ரத்தத்துல விஷத்தை விடுது. விஷமுறிவு மருந்து உடனே போடணும், இங்க இல்ல. டெஸ்ட் ரிசல்ட்டுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. கெளம்புங்க."

கடலை வியாபாரம் செய்த பக்கத்து வீட்டு ரஹீம் பாய், வேனிலிருந்த மல்லாட்டை மூட்டைகளை அப்படியே தெருவில் இறக்கிப்போட்டுவிட்டு வேனை எடுத்தார். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிறவரை அக்கா குழந்தையை நிமிர்த்திப் பிடித்தே உட்கார்ந்திருந்தாள். அங்கே விஷமுறிவு மருந்தும் பென்சிலினும் கொடுத்தார்கள். தனி அறையில் வைத்தார்கள். இருமினால் தும்மினால் ஒட்டுகிற நோய் என்று எங்களுக்கும் மாத்திரையும் ஊசியும் தந்தார்கள். மெல்ல அந்தத் தோல் உரிந்தது. கயல் இட்லி கேட்டாள். அக்கா அழுதுகொண்டே ஊட்டினாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கார்த்திகை தீபம் நெருங்கியது. மாமாவின் உறவினர்கள் வருவதாக இருந்தது. "புள்ளதான் நல்லாயிடுச்சே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார் மாமா. அங்கிருந்த மருத்துவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "தொண்டை ஆறிடுச்சு. இதயம் தப்பிச்சுதான்னு இன்னும் தெரியலைங்க. ரத்தத்துல இருக்கிற விஷத்தைத்தான் மருந்து முறிக்கும். ஏற்கெனவே இதயத்துல ஏறினதை எடுக்காது. இன்னும் கொஞ்ச நாள் படுக்கையிலயே இருக்கணும்."

"டாக்டருங்கன்னா பயமுறுத்தத்தான் செய்வாங்க."

"மாமா, அவரு அவ்ளோ தூரம் சொல்றாரே!" என்று நான் அந்த நடைபாதையிலேயே கத்தினேன்.

"நீ டைப் அடிக்கிறதோட நின்னுக்கம்மா."

கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிட்டார்.

தீபத்தன்று சாயங்காலம் எல்லோரும் மாடியில் நின்றோம். கீழே படுக்க வைத்திருந்த கயல், மலையில் தீபம் ஏற்றியதும் ஊரே போட்ட அரோகரா சத்தம் கேட்டுப் படியேறி ஓடி வந்தாள். கடைசிப் படியில் சரிந்தாள். ஊர் முழுக்க மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பியிருந்தது. அக்கா மட்டும் குனிந்து மகளின் முகத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பிளந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். நாடி இல்லை.

"விதி" என்றார் மாமா. வந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு இன்றும் அந்தத் தலைகளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. வீடு தேடி வந்த ஊசியை விரட்டியது விதியா? படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தது விதியா? ஒரு மனிதனின் பிடிவாதத்துக்கு எவ்வளவு சுலபமாகச் சாமியின் பெயரை வைத்துவிடுகிறோம்!

பிறகு ஒரு பையன் பிறந்தான். ஒன்றரை மாதம் ஆனதும் அக்கா அவனைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். மாமா வாசலில் நின்றார்.

"எங்க?"

"நவுருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நகர்ந்தார். ஒரு தவணைகூடத் தவறவில்லை. மறு ஊசிகளையும் விடவில்லை. பத்து வயசிலும் பதினாறு வயசிலும் போடுகிற ஊசிக்குக்கூட, மீசை முளைத்தவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

இன்று அந்த வீடு இல்லை. இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். ரஹீம் பாய் இல்லை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாம்பல் நிறத் தொண்டையைப் புத்தகத்தில்தான் பார்த்ததாக ஓர் இளம் டாக்டர் என்னிடம் சொன்னார். சந்தோஷமான விஷயம்தான், ஊசி செய்த காரியம். ஆனால் கிருமி எங்கும் போய்விடவில்லை; ஊசி போடாத தொண்டை கிடைத்தால் இன்றைக்கும் வரும். காணாமல் போனது அதைக் கண்ட கண்களும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு ஓடவைத்த அந்தப் பயமும்தான்.