முதுகுப் பக்கத்து ஜிப்

மோர்வென் அண்ணி கடலோரக் கிராமமான செயின்ட் ஆப்ஸில் இருபது வருடமாக வீடுவீடாகத் தபால் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என் அண்ணன் கிரெய்க்கோடு கடலுக்குள் இறங்கி, பாறைத்திட்டு மீன்களைப் பார்த்துவிட்டு வருவாள். இங்கே கோடையிலும் தண்ணீர் உறைய வைக்கும். அதனால் உடம்பு நனையாத கனத்த உடுப்பு வேண்டும். அவளுடைய பழைய உடுப்புக்கு ஜிப் முதுகில். தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. எப்போதும் அண்ணன்தான் போட்டுவிடுவான்.

ஜனவரியில் அண்ணன் இறந்த பிறகு அவள் கடலில் இறங்கவில்லை. முன்பக்கம் ஜிப் வைத்த உடுப்பை இரவல் தர வந்தவர்களிடமும் வேண்டாம் என்றுவிட்டாள். இனி இறங்கவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

நேற்று காலை படகுத்துறையில் அந்தப் பழைய உடுப்போடு வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நீ போட்டு விடு."

"எனக்குப் பழக்கமில்லையே அண்ணி."

"கோட்டு ஜிப்பு மாதிரிதான். என்ன, கொஞ்சம் பலமா இழுக்கணும்."

படகோட்டி டூகல் சிரித்தார். "சீக்கிரம் இழும்மா, அவ மனசு மாறிடப் போவுது."

இழுத்தேன். இறங்கிய பத்தே நிமிடத்தில் மேலே வந்துவிட்டாள். பற்கள் தந்தியடித்தன. கடைசி ஒரு விரற்கடையை நான் மூடாமல் விட்டிருந்தேன். முதுகெல்லாம் ஈரம்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க அண்ணி!"

"உன் அண்ணனும் மொத தடவ இதேதான் பண்ணான். குடும்பமே இப்படித்தான் போல!"

தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அண்ணனுக்குப் பிடித்த ஓநாய் மீன் அதே பாறைப் பிளவில் இன்னும் இருக்கிறது என்றாள். பிறகு, ஜிப் சிக்காமல் ஓட அவன் தடவும் மெழுகுக் கட்டியை என் கையில் வைத்தாள்.

"நீயே வச்சுக்க. அடுத்த ஞாயிறு ஒம்போது மணிக்கு வந்துடு."