பனிமூட்டத்தில் கேட்ட ‘பாஞ்ச் ஓகே’

அன்று மதியம் மூன்று மணிக்கு, கொடைக்கானல் மலையில் கூக்கால் ஊரில், எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் அம்மா, நான், பழனி அடிவாரத்திலிருந்து வந்திருந்த சுப்பையா மாமா, வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த காளியம்மாள் அத்தை. போனில் இருந்தவர், மராட்டியப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும் ஷிண்டே ஐயா. இல்லாதவர் என் அப்பா.

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். கர்த்தர் எனக்குச் செய்ததை நான் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது நியாயமில்லை.

என் அப்பா பட்டாளத்தில் பாராசூட் பிரிவில் இருந்தவர். காயம்பட்டவர்களைத் தூக்கி வந்து முதலுதவி செய்கிற குழு. எழுபத்தொன்றில் வங்காளத்தில் நடந்த போரில் விமானத்திலிருந்து குதித்தார். பள்ளிக்கூடம் பார்க்காதவர். கையெழுத்துப் போடப் பழகியதே பட்டாளத்தில்தான். ஊர் திரும்பிப் பூண்டு விவசாயம் பார்த்து, பிந்திக் கல்யாணம் முடித்து, பிந்திப் பெற்ற பிள்ளை நான். எங்கள் வம்சத்தில் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

அப்பாவோடு ஒரே வரிசையில் நின்று குதித்தவர்கள் ஒன்பது பேர். குதிக்கும் முன் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் நிற்பவருடைய பாராசூட்டைச் சரிபார்த்து, அவர் தோளில் தட்டி, தன் நம்பரைச் சொல்ல வேண்டுமாம். கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னால் வரும். எல்லாம் இந்தியில். ‘சாத் ஓகே’ என்றால் ஏழு சரி. ‘சே ஓகே’ என்றால் ஆறு சரி. அப்பா ஐந்தாம் நம்பர். ‘பாஞ்ச் ஓகே.’ அவருக்கு முன்னால் நின்ற நாலாம் நம்பர் சுப்பையா மாமா. ‘சார் ஓகே.’

போர் முடிந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் அவர்கள் அந்த நம்பரை விடவில்லை. முன்பு தபால் கார்டில் எழுதிக்கொண்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போன்; ஒருவர் சொல்லிவிட்டு அடுத்த நம்பரை லைனில் சேர்ப்பார். எட்டும் ஒன்பதும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டாரும் எங்கே என்று தெரியவில்லை. அதனால் ஏழாம் நம்பர் ஷிண்டே ஐயாதான் தொடங்கி வைப்பார். ஒருவர் இறந்துபோனால் அவர் மனைவியோ பிள்ளையோ அந்த நம்பரைச் சொல்வார்கள். ஆறாம் நம்பர் இறந்ததிலிருந்து அவர் மனைவி காளியம்மாள் அத்தைதான் ‘சே ஓகே’ சொல்கிறார். ஒன்றாம் நம்பர்வரை சொல்லி முடியாமல் யாரும் போனை வைக்கக் கூடாது. அது அவர்களுக்குள் ஒரு சட்டம்.

அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் நழுவுகிறது. என்னை இறந்துபோன தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டோடு உட்காருவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம்பர் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

டிசம்பரில் போர் நடந்த நாட்கள் வரும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். அப்பாவால் பயணம் போக முடியாததால் எங்கள் வீட்டில் வைத்தோம். ஆராதனை முடிந்து நானும் அம்மாவும் வருவதற்குள் மாமாவும் அத்தையும் வந்துவிட்டார்கள். சாப்பிடும்போது சிரிப்புத்தான்.

“ஏன் அண்ணே, ஆகாயத்துல இருந்து குதிச்ச ஆளு, எங்க அத்தாச்சிய கட்ட மட்டும் அத்தன வருசம் பயந்துக்கிட்டு இருந்தீகளாமே?” என்று அத்தை கேட்டார்.

அப்பா நிதானமாகச் சொன்னார். “அங்க முதுகுல பாராசூட்டு இருந்துச்சு தாயி.”

அன்று அதுதான் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. மூன்று மணி ஆயிற்று. எங்கள் வீட்டில் மதில் மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். போனை மதில்மேல் வைத்து எல்லாரும் சுற்றி நின்றோம். ஷிண்டே ஐயா “சாத் ஓகே” என்றார். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு “சே ஓகே” என்றார். அடுத்த சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. கம்பளிப் போர்வை அதன்மேல் கிடந்தது.

பின்வாசலில் பார்த்தோம். குளியலறையில் பார்த்தோம். மாட்டுக் கொட்டகையில் பார்த்தோம். பனிமூட்டம் அதற்குள் இறங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பனி தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே நிற்கிற ஆள் சத்தமாக மட்டும்தான் இருப்பார். டிசம்பரில் பொழுது சாய்ந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்துவிடும். அப்பா மேலில் ஒரு சட்டை மட்டும்தான். ஏரி பக்கத்தில். பைன் காட்டு ஓரத்தில் ஒரு வாரமாகக் காட்டுமாடு நிற்கிறது என்று பேச்சு.

பக்கத்து வீட்டு ராசு அண்ணன் ஜீப்பை எடுத்து வந்தார். விளக்கைப் போட்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே தோட்டப் பாதையில் போனார். நான் “அப்பா, அப்பா” என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஊர் இளவட்டங்கள் ஏரியைச் சுற்றிக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு பதிலும் இல்லை.

ஏரிக்கரைச் சேற்றில் ஒரு செருப்பு கிடந்தது. அப்பாவுடையது. ஒன்றுதான் இருந்தது.

அந்த நேரத்து என் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. அம்மா பின்னால் வந்து அந்தச் செருப்பைக் கையில் எடுத்தார். அழவில்லை. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டேன். எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியும் என்று சபையில் சொல்வார்கள். அன்று அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, அவர் எங்கே இருக்கார்னு உமக்குத் தெரியும். எனக்குத் தெரியலை. எனக்குச் சொல்லும்.” இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது பனிக்குள்ளிருந்து சுப்பையா மாமாவின் சத்தம் வந்தது. மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். கையில் ஒன்றுமில்லை. முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

“மாப்ள, அந்த ஹாரன நிப்பாட்டச் சொல்லு. வெரசா. ஒருத்தனும் கத்தக் கூடாது.”

நடந்தது இதுதான். நாங்கள் எல்லாரும் ஓடிய பிறகும் மதில்மேல் போன் அப்படியே இருந்திருக்கிறது. நம்பர் முடியாததால் ஷிண்டே ஐயா போனை வைக்கவில்லை. எங்கள் கூச்சலையும் ஹாரனையும் அங்கிருந்தே கேட்டிருக்கிறார். மாமா தேடிவிட்டுத் திரும்பி மதில் பக்கம் வந்தபோது அவர் இந்தியில் கேட்டாராம்: “ஏன் இத்தனை சத்தம்? பாஞ்ச் நடு ஆள் இல்லையா? நடு ஆள் எங்கேயாவது நடந்து வருவானா? மறந்துவிட்டாயா?”

மாமா அதை எனக்கு அங்கேயே நின்று விளக்கினார். விமானம் ஓடிக்கொண்டே இருக்கும்போது குதிப்பதால் ஆட்கள் ஒரே நேர்கோட்டில் சிதறி விழுவார்கள். முதலில் குதித்தவர்கள் விமானம் போன திசையில் நடந்து வருவார்கள். கடைசியில் குதித்தவர்கள் எதிர்த்திசையில் நடந்து வருவார்கள். நடுவில் விழுந்தவர் மட்டும் அசையக் கூடாது. படுத்த இடத்திலேயே கிடக்க வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்களும் அவரிடம் வந்து சேருவார்கள். பெயர் சொல்லி யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது. தனக்கு அடுத்த நம்பரைக் கேட்டால் மட்டும் தன் நம்பரைச் சொல்ல வேண்டும்.

“நாம கூப்பிடக் கூப்பிட அவன் ஒளிஞ்சுக்கிட்டுக் கெடக்கான் மாப்ள,” என்றார் மாமா. “அவன் இப்ப கூக்கால்ல இல்ல.”

அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் அவரை இன்னும் இன்னும் பயமுறுத்திக்கொண்டிருந்தோம்.

ராசு அண்ணன் ஜீப்பை அணைத்தார். இளவட்டங்கள் வாயை மூடினார்கள். மாமா காட்டு ஓரத்துக்குப் போய் நின்றார். அத்தை மதகுப் பக்கத்திலிருந்து நடந்து வர வேண்டும். அவருக்கு மூட்டு வலி. நான் கையைப் பிடிக்கப் போனேன்.

“நீ வராத தம்பி. ஆறாம் நம்பரு ஒத்தையாத்தான் வரணும்.” கொஞ்சம் நின்று, “எனக்குத் தெரிஞ்ச இந்தி இது ஒண்ணுதான். இதுக்குப் பொறவாவது எம்புருசன் மேல இருந்து, இந்தி தெரியலன்னு என்னையத் திட்டாம இருப்பாக,” என்றார்.

அந்த அமைதி ஹாரனைவிடக் கொடுமையாக இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. பனிக்குள் அத்தையின் சத்தம் மட்டும்.

“சே ஓகே.”

ஒன்றுமில்லை. சேற்றில் கால் புதைந்து எடுபடும் சத்தம். காட்டுப் பக்கம் ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டது. மனிதப் பெருமூச்சு இல்லை. யாரும் அசையவில்லை. அத்தையும் நின்றார். பிறகு சுள்ளிகள் முறியும் சத்தம் மேட்டுப் பக்கமாக விலகிப் போனது.

“சே ஓகே,” என்றார் அத்தை மறுபடி.

நான் மனதுக்குள் ‘ஆண்டவரே, ஆண்டவரே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை அவர் சொன்னபோது, எங்கள் பூண்டுத் தோட்டத்து வரப்புக்குக் கீழே, நான் எத்தனையோ தடவை தாண்டி ஓடிய அந்த வாய்க்காலிலிருந்து, ஒரு சின்னக் குரல் கேட்டது.

“பாஞ்ச் ஓகே.”

காட்டு ஓரத்திலிருந்து சுப்பையா மாமா “சார் ஓகே” என்று கத்தினார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

அப்பா வாய்க்காலில் குப்புறப் படுத்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. கையில் புல்லைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார். “ரொம்ப நேரமாயிருச்சே,” என்றார்.

“வழி தெரியல அண்ணே. அதான் பிந்திருச்சு,” என்றார் அத்தை.

போர்வையில் சுருட்டி ஜீப்பில் ஏற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் குளிரே கொண்டுபோயிருக்கும் என்றார் டாக்டர். கிளம்பும் முன் மதில்மேல் இருந்த போனை அம்மா எடுத்து, தெரியாத இந்தியில், “பாஞ்ச் ஓகே” என்றாராம். அதற்குப் பிறகுதான் மாமா மற்ற நம்பர்களுக்குப் போன் போட்டு ஒன்றுவரை முடித்தார்.

பிரியமானவர்களே, நான் ஜெபித்தது கூக்கால் ஏரிக்கரையில். பதில் வந்தது எங்கள் ஊரைப் பார்த்தே இராத ஒரு மனிதருடைய வாயிலிருந்து. நாங்கள் மறந்துபோன போனை அவர் வைத்திருந்தால் இன்று நான் வேறு எதையோ எழுதிக்கொண்டிருப்பேன். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என்னால் முடியாது.

அப்பாவுக்கு ஞாபகம் திரும்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இப்போதும் என்னைத் தம்பி பெயரால்தான் கூப்பிடுகிறார். ஆனால் எனக்குள் ஒன்று மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு கஷ்டம் வந்தால் நாலா பக்கமும் ஓடுவேன், கத்துவேன், கடைசியில்தான் ஜெபிப்பேன். இப்போது பயம் வரும்போது அப்பா அந்த வாய்க்காலில் கிடந்ததை நினைத்துக்கொள்கிறேன். தன்னைத் தேடி வருவார்கள் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. பிந்திவிட்டது என்றுதான் குறைபட்டார். இதை வாசிக்கிற யாராவது பனிக்குள் கிடந்தால், ஓடாதீர்கள். உங்களைத் தேடி நடந்து வருகிறவர் வழி தெரியாதவர் இல்லை. அவர் குரல் கேட்டால் பதில் மட்டும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ராசு அண்ணனிடம் ஜீப் வாடகை எவ்வளவு என்று கேட்டேன். தோட்டத்தை ஒத்திக்கு வைக்க வேண்டியிருக்குமோ என்றுகூட வழியில் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பணம் ஒன்றும் வாங்கவில்லை. ராசு அண்ணன் வாடகை வேண்டாம், டீசலுக்கு மட்டும் கொடு என்றார். நான் பையில் கை விடுவதற்குள் சுப்பையா மாமா, நெற்றித் திருநீறு பனியில் கரைந்திருக்க, பணத்தை எடுத்து நீட்டினார். “இருக்கட்டும் மாப்ள. ஒங்க சாமிக்கு என் பங்கு,” என்றார்.

அறுநூறு ரூபாய்.