யாருக்கும் இல்லாத கிணறு

எங்கள் கிணற்றில் பாதிதான் எங்களுடையது. பாறசாலையிலிருந்து கொல்லயில் என்ற ஊருக்குப் போகும் வழியில், தென்னை நிற்கும் எங்கள் விளைக்கும் பக்கத்து வீட்டு விளைக்கும் நடுவே ஓடும் மதில் கிணற்றங்கரை வரை வந்து நிற்கும். கிணற்றைத் தாண்டி மறுபடி தொடங்கும். எங்கள் பக்கம் ஒரு கப்பி, அவர்கள் பக்கம் ஒரு கப்பி. நாங்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள், அவர்கள் மிஷன் கோயில்காரர்கள். கோடை பிறந்தால் இரண்டு வீடும் சேர்ந்து ஆள் வைத்துக் கிணற்றை இறைத்துச் சேறு வாருவோம். அந்த ஆட்களுக்குக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் ஒரு வருடம் எங்கள் வீட்டில், அடுத்த வருடம் அவர்கள் வீட்டில்.

அம்மா வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடந்த காலம் அது. கிணறு விளையின் அடிவாரத்தில், வீடு மேட்டில். அம்மாவைக் கழுவ, துணி அலச, எல்லாத் தண்ணீரும் நான்தான் சுமந்தேன். அதைப் பார்த்துக் கிடந்த அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். "வேண்டாம் மக்கா. குடிச்சா பின்ன நனையும். நீ இன்னும் வெள்ளம் கோரணும்." உதடு வெடித்துக் கிடக்கும். எனக்கு அழுகையும் வரும், கோபமும் வரும். டம்ளரை நீட்டிக்கொண்டு சண்டை போடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பஞ்சாயத்து குடிநீர்த் திட்டத்தில் எங்கள் ரோட்டுக்குப் பைப்பு வந்தது. அம்மா கிடக்கும் அறைக்குப் பின்னால் ஒரு குழாய் வந்தால் போதும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதற்கு எவ்வளவு கட்டணம் என்று தீர்மானிக்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இனிமேல் கட்டப்போகும் வீடுகளைப் பற்றித் தகராறு இல்லை. ஏற்கெனவே இருக்கும் வீடுகளுக்குத்தான் ஆளுக்கொரு நியாயம். ரோட்டிலிருந்து தூரத்தை வைத்துப் போடு என்றார் ஒருவர்; அவர் வீடு ரோட்டோரம். ஓட்டு வீட்டுக்குக் குறை என்றார் இன்னொருவர், அவருடையது ஓடு. கடைசியில் பாலராமபுரத்தில் துணிக்கடை வேலைக்குப் போய்வரும் எங்கள் அப்பா எழுந்தார். "கிணறு உள்ளவனும் இல்லாதவனும் ஒண்ணா? கிணறு இல்லாத வீட்டுக்குப் பாதி போரும்." எல்லோரும் கை தட்டினார்கள். அதுவே தீர்மானமாயிற்று.

அப்பா தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தார். பெருமையோடு சோற்றைப் பிசைந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. நமக்கும் கிணறு உண்டல்லவா! அம்மாவின் மருந்துக்கும் எண்ணெய்க்கும் போக, முழுக் கட்டணத்துக்கு எங்களிடம் வழியே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. முழுக் கிணற்றை மறைத்தவர்கள் எங்கள் அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும்தான். வார்டு மெம்பர் வீடு வீடாகப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் அப்பா எங்கள் கப்பியைக் கழற்றி விறகுக்குள் ஒளித்தார். போய்ப் பார்த்தால் மதிலுக்கு அந்தப் பக்கமும் கப்பியைக் காணோம்.

மெம்பர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "இது ஆருக்க கிணறு?"

"அது அவியளுக்கதாக்கும்" என்றார் அப்பா.

"நமக்கு இதுல பாத்தியதை இல்ல. அவருக்கதாக்கும்" என்றார் அண்ணன், மதிலுக்கு மேலே தலையை நீட்டி.

மெம்பர் சிரித்துவிட்டார். "அப்ப காக்கா கொண்டு போட்டதா லே மக்கா? செரி, ரெண்டுபேரும் பாதி கெட்டுங்க." அவருக்கு இரண்டு வீட்டு ஓட்டும் வேண்டும்.

குழாய் வந்தது. முதல் நாள் அம்மா ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தில்கூட இல்லை. மழைக்காலம் முழுவதும் தண்ணீர் வந்தது.

கோடையில் குழாய்த் தண்ணீர் மேட்டுக்கு ஏறவில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறும். கிணற்றை இறைக்க வேண்டிய நேரமும் அதுதான். ஆனால் யார் இறைப்பது? மெம்பர் தினமும் டீ குடிக்கப் போகிற வழி அது. இறைக்கிறவன் கிணறு என்றாகிவிடும், மீதிப் பாதியையும் கட்டு என்பார் என்று அப்பாவுக்குப் பயம். அண்ணனுக்கும் அதே பயம். இரண்டு ஆண்களும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் சேற்றோடு சேர்ந்து பச்சையாக நாறியது. விடிவதற்குள் அப்பா கப்பி இல்லாமல் வெறுங்கயிற்றில் கோரி, வேட்டியில் வடிகட்டிக் கொண்டுவருவார்.

அம்மாவுக்குத்தான் முதலில் வயிற்றோட்டம் கண்டது. நிற்கவே இல்லை. அண்ணன்தான் ஜீப்பு பிடித்து, தானும் கூட ஏறி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்.

டாக்டர் அம்மாவின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார். "ஏது வெள்ளம் குடிக்குந்நது? வீட்டில் கிணறுண்டோ?"

"இல்ல சாரே. பைப்பு வெள்ளமாக்கும்" என்றார் அப்பா.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனைவி சாகக் கிடக்கிறாள், இவர் இன்னும் மெம்பருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "உண்டு சாரே, கிணறு உண்டு" என்று கத்தினேன்.

"ஆருடெ கிணறு?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு வீட்டுக்கும் உள்ளதாக்கும்" என்றது ஒரு குரல். அம்மா. கண் திறக்கவில்லை. வாய் கோணிப்போயிருந்தாலும் சொல் தெளிவாக இருந்தது. பிறகு தண்ணீர் வேண்டும் என்றாள். கொடுக்கக் கொடுக்கக் குடித்தாள். உள்ளே எதுவும் நிற்கவில்லை.

அம்மா உயிரோடு வீட்டுக்குத் திரும்பவில்லை.

பதினாறு கழிந்ததும் கிணற்றை இறைத்தார்கள். அப்பாவும் அண்ணனும் கப்பிகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மெம்பர் அந்த வழியே போனார்; ஒன்றும் கேட்கவில்லை. ஆட்களுக்குக் கஞ்சி வைக்கும் முறை அந்த வருடம் எங்களுடையது. பானையைக் கழுவ அம்மாவின் அறைக்குப் பின்னால் போனேன். முந்தின நாள்தான் மழை தொடங்கியிருந்தது. குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. பானை நிறைந்து வழிந்த பிறகும் அடைக்க மனம் வரவில்லை.