எனக்குச் சுரந்த பால்

ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. ஊரார் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கியே அதை ஓரளவு மறந்திருந்தேன். பிரசவ லீவு முடிந்து என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி, தன் மகனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த நாளிலிருந்து மறக்க முடியவில்லை.

மற்றப் பெண்கள் யார் மீதும் எனக்குப் பொறாமை வந்ததில்லை. அவள் எனக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த வருடமே உண்டானாள். மாமியார் அவளுக்கென்று தனியாகப் பூண்டு வதக்கும் வாசனை வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

பால் கொடுக்க வரும் நேரத்தில் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் வருவாள். ஒரு நாள் அவள் கீழே பாதையில் வந்துகொண்டிருந்தபோதே பிள்ளை வீரிட்டு அழுதான். படியேறி வந்தவளின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

“இங்க பாருங்கக்கா, இவன் சத்தம் கேட்டாலே ஊறிப்போகுது” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவனைக் கழுவுவதும் தோளில் போட்டுத் தூங்க வைப்பதும் நான். ஆனால் அவன் அழுதால் என் கால்கள்தான் ஓடின. உடம்பில் வேறொன்றும் நடக்கவில்லை. அவள் உடம்பு மட்டும் கேட்காமலே பதில் சொன்னது.

சில மாதங்கள் கழித்துக் குளிக்கும்போது என் மார்பில் வெள்ளையாக ஒரு துளி நின்றது. அழுத்திப் பார்த்தேன். பால்தான். பயப்பட வேண்டியவள் சந்தோஷப்பட்டேன். அந்தப் பிள்ளைதான் இதை வரவழைத்தான் என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஓரகத்தி வந்து அவனை வாங்கியபோது, உனக்கு இருப்பது எனக்கும் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவனை என் மார்பில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு தடவை தோன்றியது. அதற்குள் வேறொரு தாய் வாசலில் வந்து நின்றாள்.

பிறகு தலைவலி வரத் தொடங்கியது. என் சட்டையில் கறையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போனார். அவர்தான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரத்தம் எடுத்தார்கள். கண்டிக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் பண்ணினார்கள். கிளினிக்கில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர்.

“பயப்பிடாதேங்கோ. மூளைக்குக் கீழ பிட்யூட்டரி எண்டு ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அதில ஒரு சின்னக் கட்டி. புற்றுநோய் இல்லை. பால் சுரக்கச் சொல்லுற புரோலக்டின் எண்ட ஹோர்மோனை அது கூடுதலா விடுகுது” என்றார்.

“பிள்ளையத் தூக்குறதால வந்ததில்லையா டொக்டர்?”

“இல்லையம்மா. சாதாரணமா மூளையிலயிருந்து டோபமின் எண்டு ஒண்டு வந்து அந்தச் சுரப்பியை அடக்கி வச்சிருக்கும். இந்தக் கட்டியை அடக்க அது போதாது. டோபமின் மாதிரியே, ஆனா அதைவிடப் பலமா வேலை செய்யிற குளிசை தாறன்.”

நான் விடவில்லை. “என் ஓரகத்திக்குப் பிள்ளை அழுதாலே ஊறுதுங்களே?”

“அது ஒக்சிடோசின் எண்ட வேற ஹோர்மோன். சுரந்த பாலை வெளிய தள்ளுறது அதுதான். அழுகை கேட்டாலே வேலை செய்யும். உங்கட பால் ஒருத்தரும் அழுது வந்ததில்லை.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “புரோலக்டின் கூடினா முட்டை வளராது. பால் குடுக்கிற தாய்மாருக்கு மாதவிடாய் தள்ளிப்போறது மாதிரித்தான். உங்களுக்கு இவ்வளவு காலமும் பிள்ளை தங்காததுக்கு இதுதான் காரணமா இருக்க வேணும்.”

ராகலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். நான் பெருமைப்பட்ட பால்தான் எனக்குப் பிள்ளை வராமல் தடுத்ததன் அடையாளம். அவளுக்கு வந்தது ஒரு பிள்ளைக்காக. எனக்கு வந்தது யாருக்காகவும் இல்லை.

குளிசை குமட்டியது. எழுந்தால் தலை சுற்றியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வற்றியது. நல்லதென்று தெரிந்தும், வற்றிய பிறகும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு மாலை ஓரகத்தி மகனைக் கூட்டிப்போக வந்தாள். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாமல் கத்தினான். அவள் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள்.

“பால் குடிக்க மட்டுந்தான் நானு. மத்ததுக்கெல்லாம் நீங்கதான். மலையில நிக்கிறப்ப வயிறு எரியுதுக்கா” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு இனித்தது. அவளும் எரிந்திருக்கிறாள்! அந்தச் சந்தோஷத்தில்தான், வீட்டுக்காரரையும் டொக்டரையும் தவிர யாருக்கும் தெரியாத பால் விஷயத்தை அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“வலிச்சுச்சாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

முன்பு மாதக்கணக்கில் தள்ளிப்போன மாதவிடாய் இப்போது ஒழுங்காக வருகிறது. ஹோர்மோன் அளவு இறங்கிவிட்டது, நம்பிக்கையோடு இருங்கள் என்கிறார் டொக்டர். இன்னும் ஒன்றும் தங்கவில்லை. போன வாரம் ஓரகத்தி காலையில் வாந்தி எடுத்தாள். மாமியார் மறுபடியும் பூண்டு வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பினார். நான் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன்.