முந்நூற்று ஒன்று

ஞானஸ்நானக் குழந்தைகளுக்கு வெள்ளை கவுன் தைப்பது என் தொழில். ஆவடியில் வீட்டின் முன்னறையிலேயே மிஷின். வருகிறவர்களிடம் முகம் கொடுத்துப் பேச எனக்குக் கூச்சம். அதனால் தங்கை மகள் எனக்கென்று ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தபோது அழுதே விட்டேன். என் பெயர்தான் அதற்கு முகவரி. ஐந்தாவது வரை படித்தவள் நான். இங்கிலீஷ் எழுத்தைத் தேடித் தேடித் தட்டி, நான் தைத்த கவுன்களை அதில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கண் ஆபரேஷன் ஆனபோது அவள் சொன்னாள்: "பெரீம்மா, உன் சைட்டுக்கு வர்றவங்க என் கடை சைட்டுக்குப் போற மாதிரி வெச்சிடுறேன். டெம்பரவரிதான். நீ கண்ணப் பாரு."

அவளுக்கு அம்பத்தூரில் துணிக்கடை. கண் சரியாகி மூன்று மாதமாகியும் என் பெயரைத் தட்டினால் அவள் கடைதான் வந்தது. கேட்டால், "பண்றேன் பெரீம்மா" என்பாள்.

ஸ்டேஷன் பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கும் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் காட்டினேன்.

"இன்னாம்மா, டெம்பரவரின்னா சொன்னாங்க? முந்நூத்தி ஒண்ணுன்னு கீதே!"

விழித்தேன். அவளே விளக்கினாள்: "உன் அட்ரஸத் தட்னா, மொதல்ல ஒரு நம்பரும் புது அட்ரஸும் பதிலா வரும். போன் உடனே அங்க ஓடிடும். முந்நூத்தி ரெண்டுன்னா, இப்போதிக்கு அங்க போ, அடுத்த வாட்டி இங்கயே வந்து கேளு. முந்நூத்தி ஒண்ணுன்னா, இனிமே இங்க வராதே, எப்பவும் அங்கதான். கூகுள்ல தேடிப் பாத்தாலும் போகப் போக உன்னுது காணாம பூடும், அவங்க கடைதான் நிக்கும்."

"கை தவறிப் போட்டிருப்பாளோ?"

"பர்மனன்ட்டா, டெம்பரவரியான்னு கம்ப்யூட்டரே கேட்டுட்டுத்தாம்மா வைக்கும்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து தங்கை மகள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் நாலு கவுனுக்குத் துணி, அவற்றின் கழுத்துப் பக்கம் வைத்துத் தைக்க அவள் கடை லேபிள். "உன் தையல்தான் வேணும்னு கேக்குறாங்க பெரீம்மா" என்று சிரித்தாள்.

யாரையும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "முந்நூத்தி ஒண்ணு போட்டிருக்கியாமே?"

சிரிப்பு நின்றது. "அத உனக்கு யாரு சொன்னது?"

தெரியாம பண்ணிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். லேபிள்களை எடுத்து அவள் பையிலேயே போட்டேன். துணியையும்.