குண்டூசி வாய்

என் அக்காவுக்கு நல்ல குரல். சுருதி பிசகாது, தாளம் தப்பாது. இருந்தும் இசைக் குழுவில் காலமெல்லாம் பின்வரிசைதான். தனியாகப் பாட இரண்டு முறை தேர்வுக்குப் போனாள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். இரண்டு முறையும் ஒரே பதில்தான் சொன்னார்: "எல்லாம் சரியா இருக்கும்மா. மனசத் தொடல." மூன்றாம் முறையும் தேறாவிட்டால் அப்புறம் கேட்கவே கூடாது என்று ஒரு விதி. எந்த மகராசன் போட்டானோ, நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் இருவரும் சேர்ந்து தையல் கடை நடத்துகிறோம். அளவெடுப்பது, வெட்டுவது, ஆளுக்குப் போட்டுப் பார்த்து ஊசி குத்துவது எல்லாம் அக்கா. மிஷினும், வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவதும் என் பாடு. அக்கா வாயைத் திறக்க மாட்டாள். எதைக் கேட்டாலும் ஒரு "ம்".

மனசைத் தொட்டே தீருவது என்று அக்கா கிளம்பினாள். பிரிந்துபோன பிள்ளையைத் தாய் "வா, வா" என்று கூப்பிடுகிற பாட்டை மூன்றாம் தேர்வுக்கு எடுத்துக்கொண்டாள். புருவத்தை ஏற்றினாள், தொண்டையை இறுக்கி விம்மினாள், வரிக்கு வரி நடுங்கினாள்.

"எப்படிடி இருக்கு?"

"பல்லு வலியில முனகுற மாதிரி இருக்கு."

ஒரு வாரம் எனக்கு அந்த "ம்" கூடக் கிடைக்கவில்லை.

அவளுடைய பாட்டு டீச்சர் எங்களைவிட ரொம்பச் சின்னவள், ஆனால் கறார் பேர்வழி. ஒருநாள் கவுனின் நீளத்தைக் குறைக்கக் கடைக்கு வந்தாள். அக்கா முட்டி போட்டு, உதட்டில் கொத்தாகக் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, அதே பாட்டை முணுமுணுத்தபடி விளிம்பை மடித்தாள். டீச்சர் சட்டென்று குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நாள் பூரா இப்படித்தான் ஊசியக் கடிச்சுட்டு இருப்பீங்களா?"

"ம்."

"பாடும்போதும் இதே வாய்தான். தாடை இறங்கவே மாட்டேங்குது. ஊசி கீழ விழுந்துடும்னு பயப்படுறீங்களா? உணர்ச்சி வரலைன்னு தொண்டையப் பிழியாதீங்க. மொதல்ல அது வெளிய வர வழி விடுங்க."

அன்றோடு ஊசிகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஊசிப் பட்டைக்குப் போயின. கை மட்டும் பழக்கதோஷத்தில் உதட்டுக்கே ஓடும். நான் அளவு ஸ்கேலால் தட்டுவேன். இஸ்திரி போடும்போதெல்லாம் தாடையைத் தொங்கவிட்டு, மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, "ஆ..." என்று நீளமாக இழுத்தாள். தைத்த துணியை வாங்க வந்தவர் ஒருவர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். ராத்திரி கன்னம் வலிக்கிறது என்று ஒத்தடம் வைத்துக்கொண்டாள். புருவத்துக்கு மட்டும் ஓய்வு.

இன்னொரு கஷ்டமும் சேர்ந்து வந்தது. அக்கா பேச ஆரம்பித்தாள். நான் தைத்த கை கோணல் என்றாள். ஒரு பணக்காரியிடம் அந்தப் பச்சை அவளுக்குப் பொருந்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

தேர்வன்று நானும் கூடப் போனேன். சின்ன அறை, நாலு நாற்காலி. அக்கா கையைத் தொங்கவிட்டு நின்றாள். விம்மவில்லை, நடுங்கவில்லை. சும்மா வாயைத் திறந்து "வா" என்றாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அது அறையைத் தாண்டி எங்கேயோ தூரத்தில் இருக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டது.

பாட்டு முடிந்ததும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார நெனச்சுப் பாடினீங்க?"

"யாரையும் இல்ல சார். தாடை இறங்குதா, மூச்சு பத்துதான்னு பாத்துட்டு இருந்தேன்."

"அப்ப நான் எதுக்கும்மா அழறேன்?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்கு எடம் உண்டா இல்லையா, அதச் சொல்லுங்க."

"உண்டும்மா."

அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வாசல் படி வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்தாள். அங்கே உட்கார்ந்து, "இத்தனை வருஷம்டி" என்றாள். பிறகு தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி ஓவென்று அழுதாள். நான் அடக்கச் சொல்லவில்லை.