ஒரே, போன்ற

சபையில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. வாரமெல்லாம் பள்ளிச் சீருடை தைப்பாள். ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு, ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொடுப்பாள். அம்மா இறந்தபோது தம்பிக்கு நடக்கக்கூடத் தெரியாது. வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து, அவனை வளர்த்துப் போதகராக்கினாள்.

பக்கத்துச் சபை இவர்களோடு இணைய முன்வந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வார்த்தைதான் அவர்களுக்கு இடறியது. குமாரனாகிய இயேசு 'பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர்' என்பதைப் 'பிதாவைப் போன்ற தன்மையுள்ளவர்' என்று மாற்றச் சொன்னார்கள். இணைப்பு நடந்தால் தம்பிதான் தலைமைப் போதகர் என்றும் பேச்சு அடிபட்டது.

"அதுல கை வைக்காதடா," என்றாள் தையலக்கா, அவனுக்குச் சாப்பாடு போட்டபடி. "போன்றவர்னு சொன்னா, கடவுள் தானே வராம, தன்னை மாதிரி வேற ஒருத்தரைச் சாக அனுப்பிட்டார்னு ஆயிடும். என்னைக்கூட உனக்கு அம்மா மாதிரின்னு சொல்றாங்க. அதுக்காக நான் உன்னைப் பெத்தவளா?"

"வாக்குத் தரேன்க்கா. அந்த வார்த்தை அப்படியே இருக்கும். போதுமா?"

சபைக் கூட்டத்தில் தம்பி எழுந்து புதிய வாசகத்தைப் படித்தான். 'போன்ற' என்று காதில் விழுந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பிள்ளைங்களுக்கு இத்தனை நாளா வேற மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கோமே, ஐயா?" என்று இழுத்தார் ஒரு மூப்பர்.

"சொல்லிக்கொடுத்த எங்க அக்காவே சம்மதிச்சுட்டாங்க," என்றான் தம்பி, வாய் கூசாமல். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

அந்தக் கூடத்தில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். அக்காவே சரியென்ற பிறகு நமக்கென்ன என்று கைகள் மளமளவென உயர்ந்தன.

"நான் சம்மதிக்கலை," என்று எழுந்து சொன்னாள். கைகளை எண்ணும் சத்தத்தில் அது பக்கத்து வரிசையைத் தாண்டவில்லை. கேட்ட இரண்டொருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். "ஒரு வார்த்தைதானேக்கா! இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறியே. ரெண்டு சபை ஒண்ணாயிருக்கு பாரு."

"மாத்தினது உன்னோட போகட்டும். அதை ஏன்டா என் வாயில வச்சே?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அப்புறம் பேசலாம்க்கா," என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.

அவள் வகுப்பை விட்டாள், சபைக்குப் போவதையும் நிறுத்தினாள். துணி தைக்க வருகிறவர்கள், "நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே, அப்புறம் ஏன் வர்றதில்லை?" என்று கேட்டார்கள். இல்லையென்று ஆரம்பத்தில் விளக்கினாள். அக்கா தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று அவர்கள் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு யாராவது கேட்டால், "கை நீளம் எவ்வளவு வைக்கணும்?" என்று அளவு நாடாவை எடுத்தாள்.